இரட்டைக் கிளட்ச் டீசலா, வேறு கியரா? உவர்மலை முற்றத்தில் போட்ட ஒரு கணக்கு

"ரெண்டு கிளட்ச் எண்டா ரெண்டு மடங்கு செலவுதானே, தம்பி?"

அத்தான் இப்படிக் கேட்டது திருகோணமலை உவர்மலையில் அவர் வீட்டு முற்றத்தில். விலை பேசி முடித்துவிட்ட பழைய வான் பக்கத்தில் நின்றது. அதற்குப் பதிலாக ஒரு டீசல் கார் எடுக்க வேண்டும், அது ஓட்டோமெட்டிக்காக இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் சண்டை இல்லை. மாதத்தில் மூன்று தடவையாவது அவர் கொழும்புக்குப் போய் வருகிறார். அக்காவுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க ஏலாது. சண்டை எல்லாம் கியர்ப் பெட்டியில்தான். அவர் தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் இரட்டைக் கிளட்ச் வண்டிகள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்தச் சனியன் வேண்டாம், பேசாம ஒரு வெசல் எடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பதும் இரட்டைக் கிளட்ச்தான். 7 கியர், உலர் வகை, மின்மோட்டரும் அதற்குள்ளேயே. 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த கார் அது. அடுத்த பெப்ரவரியிலேயே கியர்ப் பெட்டியின் மென்பொருளுக்காக ஃபிட், வெசல் ஹைபிரிட்களை ஹொண்டா திரும்ப அழைத்தது. ஆக, இலங்கையில் எத்தனையோ பேர் பெயர் தெரியாமலே இரட்டைக் கிளட்ச்சோடு பல வருடங்களாகக் குடும்பம் நடத்துகிறார்கள். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்வதும், "இதுதான் லேட்டஸ்ட்" என்று விற்பவர் சொல்வதும் எனக்கு ஒன்றுபோலத்தான் படுகிறது.

அத்தானுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் கைகளைப் பாருங்கள். ஒரு கை கயிற்றை விடுமுன்பே மறு கை பிடித்திருக்கும், வலை ஒரு கணமும் பின்னால் போகாது. இந்தப் பெட்டியும் அப்படித்தான். ஒரு கிளட்ச் 1, 3, 5 என்ற ஒற்றை கியர்களைப் பார்த்துக்கொள்கிறது, மற்றது 2, 4, 6 ஐ. நீங்கள் மூன்றில் ஓடும்போதே நான்கு பூட்டப்பட்டுத் தயாராக நிற்கும். மாற்றம் என்பது ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்கிற வேலை மட்டும்தான். அதனால்தான் இழுவை அறுபடாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. யோசனை பழையது. பிரான்சில் அடோல்ஃப் கெக்ரெஸ் 1939இல் சிந்தித்தது, 1980களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது, சாதாரண ஆட்கள் வாங்கும் காருக்குள் வந்தது 2003இல் வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32இல்.

கவனிக்க வேண்டியது ஒன்று. உள்ளே இருப்பது மனுவல் காரின் பற்சக்கரங்களும் மனுவல் காரின் கிளட்ச்சும்தான். மிதிக்கிற காலுக்குப் பதிலாகக் கணினி. ஆகவே கிளட்ச் தேயும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அக்சிலரேட்டரைக் கொஞ்சமாக அமத்தி வண்டியை நிறுத்தி வைத்திருப்பது, நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வது இரண்டும் அதற்கு நஞ்சு. பழைய ஓட்டோமெட்டிக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஏறவே ஏறாது.

சரி, இரட்டைக் கிளட்ச் என்று சொன்னால் போதாது. ஈரமா உலரா என்பதுதான் முதல் கேள்வி. ஈர வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும், சூடு எண்ணெயோடு போய்விடும். உலர் வகையில் காற்றுத்தான் ஆற்ற வேண்டும். டீசல் எஞ்சினுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், டீசலின் இழுவிசை கீழ்ச் சுற்றிலேயே, நிமிடத்துக்கு 1,750 சுற்று வாக்கிலேயே, முழுதாக வந்து விழும். வோக்ஸ்வேகனின் உலர் பெட்டி 250 நியூட்டன் மீற்றர் இழுவிசை வரைதான் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. அவர்களின் ஈரப் பெட்டி 350 வரை. ஆகவே 1.6 லீற்றர் டீசலுக்கு உலர், 2.0 லீற்றர் டீசலுக்கு ஈரம் என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அந்த உலர் பெட்டிக்கு 7 கியர், ஈரப் பெட்டிக்கு 6 கியர். விளம்பரத்தில் "7 ஸ்பீட்" என்று கண்டதும் அத்தானுக்கும் கண் விரிந்தது. இந்த இரண்டுக்குள் நான் என்றால் யோசிக்காமல் 6ஐ எடுப்பேன். பிற்காலத்தில் ஈர வகையிலும் 7 கியர் வந்துவிட்டது, அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் முடியாது. சாசி எண்ணைக் கொடுத்து எந்தப் பெட்டி என்று கேட்டுவிட வேண்டும். ஹூண்டாய் தன் உலர் பெட்டியை 340 நியூட்டன் மீற்றர் டீசல்வரை தள்ளியது. தாங்குமா என்றால் தாங்கும், எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

நம் ஊர்ச் சூட்டை இதில் சேர்க்காமல் விட முடியாது. 2013 நவம்பரில் வோக்ஸ்வேகன் உலகம் முழுவதும் சுமார் 16 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, அந்த 7 கியர் உலர் பெட்டிக்காகத்தான். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாடுகளில், நின்று நின்று ஓடும் நெரிசலில், உள்ளே ஊற்றியிருந்த செயற்கை எண்ணெயால் மின்தொடர்பு குறுக்கடைந்து வண்டி இழுவையை இழக்கலாம் என்பது காரணம். கனிம எண்ணெயாக மாற்றிக் கொடுத்தார்கள். "வெப்பமும் ஈரப்பதமும்" என்று வாசித்தபோது எனக்குக் கண்முன் வந்தது கச்சான் காற்று வீசும் ஆவணி மதியமும், கடலிலிருந்து வரும் அந்தப் பிசுபிசுப்பும்தான். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ இருந்து வந்த அந்தக் காலத்து வண்டிக்கு இந்த மாற்றம் நடந்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு ஈர வகை டீசல் இருந்தது. அருமையான வண்டி, ஹபரணை தாண்டி தம்புள்ளைப் பக்கம் அது போகிற போக்கில் தூக்கமே வரும். ஈர வகைக்குச் சுமார் 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும். கொழும்புக்குப் போகப் பஞ்சிப்பட்டு இங்கேயே ஒரு கராஜில் விட்டேன். "எல்லாம் ஓட்டோ ஒயில்தானே அண்ணா" என்றார் அங்கிருந்த பொடியன். நானும் தலையாட்டினேன். இரட்டைக் கிளட்ச்சுக்கு என்று தனியான எண்ணெய் இருக்கிறது, சாதாரண ஓட்டோ ஒயிலில் அந்தத் தட்டுகள் சரியாகப் பிடிக்காது. இரண்டு கிழமையில் முதலாம் கியரில் நடுக்கம், பிறகு தம்பலகாமம் சந்தியில் ரிவர்ஸ் விழவே மறுத்தது. வண்டியை லொறியில் ஏற்றி 260 கிலோமீற்றர் அனுப்பினேன். பழுதுக்குச் செலவானதை விட, அது இல்லாமல் ஒரு மாதம் இருந்ததுதான் கொடுமை. பொடியனைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

அதனால் அத்தானின் கேள்விக்கு என் பதில்: இரண்டு கிளட்ச் என்பதற்காக இரண்டு மடங்கு இல்லை. செலவு தூரத்தில்தான் இருக்கிறது. கியர்ப் பெட்டியின் மூளையான மெக்கட்ரோனிக் அலகை ஸ்கேனர் போட்டு வாசிக்கவும், கிளட்ச்சை மாற்றிய பிறகு அதற்குப் "பழக்கி" விடவும் தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். நம்மைப் பொறுத்தவரை பெரும்பாலும் கொழும்பில். டோர்க் கன்வேட்டர் பெட்டியை அறிந்த கை நம் பக்கத்திலும், போனால் கண்டியிலும் கிடைக்கும்.

டோர்க் கன்வேட்டர் என்றால் நாம் காலங்காலமாக "ஓட்டோ கியர்" என்று சொல்லி வந்தது. எஞ்சினுக்கும் கியருக்கும் இடையில் எண்ணெய்தான் இணைப்பு, வழுக்கினாலும் தேய எதுவும் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் வெள்ளிக்கிழமை மாலையில் ஏறிப் பாருங்கள். முன்னால் ஓட்டோ, நடுவில் மான், பக்கத்தில் நடந்து போகிற சனம். ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்துதான் போக வேண்டும். டோர்க் கன்வேட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உலர் கிளட்ச்சுக்கு ஒவ்வொரு ஊர்தலும் ஒரு கீறல்.

முன்பெல்லாம் இந்தப் பெட்டிகள் எரிபொருளைக் குடிக்கும், மந்தமாக மாறும் என்ற குறை உண்மைதான். இப்போது அது பெரிதாக இல்லை. 2012க்குப் பின் வந்த பீஎம்டபிள்யூ 320டி, 520டி இரண்டிலும் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் டோர்க் கன்வேட்டர். அதை ஓட்டுகிறவருக்கு இரட்டைக் கிளட்ச்சிலிருந்து வித்தியாசம் சொல்லத் தெரியாது. மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் டீசல்களில் இருப்பது 6 கியர் டோர்க் கன்வேட்டர், வண்டி நகரத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே உள்ளே பூட்டிக்கொள்ளும், வழுக்கல் மிகக் குறைவு. பென்ஸில் ஒரு சிக்கல். ஏ, சிஎல்ஏ, ஜிஎல்ஏ போன்ற சிறிய கார்களில் இரட்டைக் கிளட்ச், சி, இ பெரிய கார்களில் டோர்க் கன்வேட்டர். இரண்டையும் விற்பவர் "ஓட்டோ" என்றுதான் எழுதுவார். 2015இல் வந்த ஹூண்டாய் டூசானிலும் அதே கதை. 1.7 டீசலுக்கு 7 கியர் இரட்டைக் கிளட்ச், 2.0 டீசலுக்கு 6 கியர் டோர்க் கன்வேட்டர். கியா சொரெண்டோவோ எதிர்த்திசையில் போயிற்று: பல வருடம் டோர்க் கன்வேட்டரோடு ஓடிய 2.2 டீசலுக்கு 2020இல் ஈர வகை 8 கியர் இரட்டைக் கிளட்ச் வந்தது. காரின் பெயர் பெட்டியைக் காட்டிக் கொடுக்காது.

மனுவலைப் பற்றிப் பேசவில்லை, அக்காவின் முழங்கால் அதை முடித்துவிட்டது. இந்தியச் சிறு கார்களில் வரும் ஒற்றைக் கிளட்ச் தானியங்கிப் பெட்டி வேறு சாமான். மலிவு, பழுது பார்ப்பது சுலபம், ஆனால் ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னால் ஆடும். அத்தான் ஒரு தடவை ஓட்டிவிட்டு "சலாம் போட்டுக்கொண்டே போகுது" என்றார்.

இதுவரை பேசியதெல்லாம் கியர்ப் பெட்டி. ஆனால் முற்றத்தில் இருந்து யோசிக்க யோசிக்க எனக்கு வேறொன்று உறுத்தத் தொடங்கியது. டீசலே சரியா?

புதிய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது நிரம்பினால் வண்டி தானே அதைச் சுமார் 600 பாகை வெப்பத்தில் எரித்துத் துப்புரவாக்கும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, பதினைந்து இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும். கந்தளாயிலிருந்து ஹபரணை வரையான காட்டுப் பாதை அதற்கென்றே போட்டது போல (பகலில் போங்கள், இரவில் யானைக்கு வழி விட வேண்டும்). கொழும்புப் பயணம் ஒவ்வொன்றும் அந்த வடிகட்டிக்கு மருந்து. 2022இல் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேகப் பகுதியிலும் ஏறிப் போனால் இன்னும் நல்லது.

ஆனால் அக்கா? உவர்மலையிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர். காலையில் 3, மதியம் 3, இடையில் சந்தை. எஞ்சின் சூடாகுமுன்பே நிறுத்தியாகிவிடும். கரி எரியாது, எரிக்கத் தொடங்கி இடையில் நிறுத்தினால் மிச்ச டீசல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும். இதற்கு மேல் கந்தகம் வேறு. யூரோ 4 தரமான சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, சாதாரண டீசலில் அதிகம். இந்த வகை எஞ்சினுக்கு சுப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும், அதன் விலையைக் கணக்கில் சேர்க்காமல் "டீசல் மலிவு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு நாம் நின்ற வரிசையை நினைத்தால், எந்த எரிபொருள் எப்போது கிடைக்கும் என்பதும் ஒரு கேள்விதான்.

ஆகவே ஒரே கார், அதில் கிழமைக்கு ஐந்து நாள் பள்ளிக்கூட ஓட்டம் என்றால், இரட்டைக் கிளட்ச்சும் வேண்டாம், டீசலும் வேண்டாம், ஒரு பெற்றோல் ஹைபிரிட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் பாதி வென்றுவிடுவார்: ஹைபிரிட் சரி, ஆனால் வெசலும் இரட்டைக் கிளட்ச்தான், காரணமும் அவர் சொன்னதல்ல.

அக்கா தேநீர்க் கோப்பையை எடுக்க வந்தவள் இதைக் கேட்டுவிட்டு, "எனக்கென்னத்துக்குக் கார்? பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டி போதும். மழைக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் கார் கேட்டனான்" என்றாள். கணக்கு தலைகீழாகிவிட்டது. காரின் வேலை இனி நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்துக்கு டீசல் சரி. நெடுஞ்சாலையில் கிளட்ச் வழுக்குவதே குறைவு, அதனால் இரட்டைக் கிளட்ச்சும் சரி. கொழும்புக்குப் போகிறவர் சேர்விஸையும் அங்கேயே செய்துகொள்ளலாம். மாட்டிக்கொள்ளும் இடம் வெள்ளவத்தைக் காலி வீதி நெரிசல் மட்டும், அதற்கு ஈர வகை போதும்.

அதனால் நான் சொன்ன வரிசை இது. நல்ல சேர்விஸ் பதிவோடு கிடைத்தால் 8 கியர் டோர்க் கன்வேட்டர் டீசல் முதலில். அது கைக்கு எட்டாத விலையில் இருந்தால் 2.0 டீசலும் 6 கியர் ஈரப் பெட்டியும், எண்ணெய் மாற்றிய சீட்டுகளோடு. சீட்டு இல்லாத ஈரப் பெட்டியை விட, நான் கழித்து வைத்த ஹைபிரிட்டே மேல். உலர் பெட்டி போட்ட டீசலை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், நம் சூட்டுக்கு நான் எடுக்க மாட்டேன். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது என்பதால், சந்தையில் இருக்கும் பாவித்த டீசல்களில் பல பத்து வருடத்தை எட்டியவை. இந்த வயதில் வண்டியின் மாதிரியை விடச் சீட்டுப் புத்தகம் முக்கியம்.

ஓட்டிப் பார்க்கும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் போகச் சொன்னேன். முதலே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிரேக்கை விட்டு, அக்சிலரேட்டரைத் தொடாமல் மெதுவாக ஊர விட்டுப் பார்த்தால், கிளட்ச் தேய்ந்த வண்டி நடுங்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதைத்தாலும் அதே சந்தேகம். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸில் ஏற்றிப் பார்க்க வேண்டும், என் பழைய வண்டியின் குட்டு அங்கேதான் வெளிப்பட்டிருக்கும், நான் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கினேன். வண்டி நிற்க எஞ்சின் ஓடும்போது கடகடவென்று ஒரு சத்தம் வந்து, கியர் போட்டதும் அடங்கினால், எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரட்டைத் திணிவுச் சுழல்சக்கரம் பழுதாகிக்கொண்டு போகிறது என்று அர்த்தம், அது தனிச் செலவு. கடைசியாக ஸ்கேனர். கிளட்ச்சின் தேய்மானக் கணக்கும் அது எத்தனை தடவை அளவுக்கு மேல் சூடானது என்பதும் பல பெட்டிகளின் நினைவகத்தில் கிடக்கும், விற்பவர் மறந்தாலும் பெட்டி மறக்காது. கடலோரத்து வண்டி என்றால் அடியில் படுத்து, மின்இணைப்புகளிலும் பிரேக் குழாய்களிலும் உப்புத் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிலாவெளியில் வீட்டு முன்னால் திறந்த வெளியில் நின்ற வண்டியை விடக் கொழும்பு வண்டியே மேல், நெரிசலில் ஓடியிருந்தாலும்.

போன ஞாயிறு அத்தான் கொழும்பில் இரண்டு வண்டி பார்த்துவிட்டு வந்தார். முதலாவது 2.0 டீசல், 6 கியர் ஈரப் பெட்டி, 131,000 கிலோமீற்றர். ஓட்டம் அருமையாம். புத்தகத்தில் 60,000இல் கியர் எண்ணெய் மாற்றிய முத்திரை இருக்கிறது. 120,000க்கு வர வேண்டிய பக்கம் வெறுமை. "எங்கட ஆள்தான் மாத்தினது, சீட்டு வைக்கேல்ல" என்றாராம் விற்பவர். அத்தான் ஸ்கேனர் போடக் கேட்க, பிறகு பார்ப்போம் என்று பேச்சை மாற்றியிருக்கிறார். இரண்டாவது 8 கியர் டோர்க் கன்வேட்டர், சீட்டெல்லாம் சரி, விலை ஆறு இலட்சம் கூட.

அந்த ஆறு இலட்சத்துக்கு வழி இருக்கிறதா என்று இப்போது அக்காவிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வானை வாங்க இருந்தவர் இன்னும் பணம் கட்டவில்லை.